மைனி ஏறிய வள்ளம்

கடலில் என் அண்ணன் வாந்தி எடுத்து யாரும் கண்டதில்லை. காற்றும் மழையுமாகக் கடல் கொந்தளிக்கும்போதும் வள்ளத்தில் நின்றபடியே கஞ்சி குடிக்கிற ஆள் என்று எங்கள் கரையில் அவனுக்குப் பேர். அந்தப் பேரைக் கொடைக்கானல் மலைப்பாதையின் முதல் சில வளைவுகளிலேயே போக்கடித்துவிட்டான். பஸ் ஜன்னலோரம் சாய்த்த முகத்தை மேலே போய்ச் சேரும்வரை அவன் நிமிர்த்தவில்லை.

பஸ்ஸில் இருந்தவர்கள் முக்கால்வாசியும் கடல் வேலை செய்கிற குடும்பங்கள். சிரிக்கக் கேட்க வேண்டுமா? "அண்ணே, இது சின்ன அலையாக்கும். பெருசு மேல கெடக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு, "எலே, கடலு மேலயும் கீழயும் ஆட்டும். அதில ஒரு மரியாதை உண்டு. இது ஆளப் புடிச்சு ஈரத்துணி மாதிரி பிழியுதுலே" என்றான். பக்கத்தில் இருந்த மைனி ஓர் எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி அவன் மூக்குக்குக் கீழே பிடித்தாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மைனி என்றுதான் கூப்பிடுவோம்.

மே மாதம், பள்ளிக்கூட விடுமுறை. எங்கள் கோயிலின் கீழ் நாலைந்து தெருக்காரர்கள் சேர்ந்து ஜெபம் சொல்கிற கூட்டத்துக்கு அன்பியம் என்று பேர். வருஷத்துக்கு ஒரு தடவை ஜெபத்தோடு டூரும் உண்டு. வேளாங்கண்ணிக்கு எத்தனை தடவைதான் போவது, இந்தத் தடவை குளிர்கிற இடம் வேண்டும் என்று பெண்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். நான் கட்டிப் போனது குன்னத்துகாலுக்கு. என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார், நான் பாறசாலையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். ஆனாலும் டூர் என்று கேட்டால் நான் உடனே காரோட்டுக் கடலோரத்துப் பிறந்த வீட்டுக்காரியாகிவிடுவேன். கேட்டுக் கேட்டு அன்பியத்துக்காரர்களுக்கும் பழகிவிட்டது, எனக்கும் ஒரு சீட் போட்டு வைத்துவிடுகிறார்கள்.

மைனி மீன் விற்கிறவள். முன்பெல்லாம் தலையில் கூடையோடு கடற்கரையிலிருந்து நடந்தே பாறசாலைக்கும் அதைத் தாண்டியும் வருவாள். இப்போது நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒரு பெட்டி ஆட்டோ பிடிக்கிறார்கள். ஆனால் ஆட்டோ ஜங்ஷனில் நின்றுவிடும். எங்கள் பக்கத்தில் ஒரு வீடு மேட்டில் இருந்தால் அடுத்தது பள்ளத்தில்தான் இருக்கும். ரப்பர் தோட்டத்துப் படிகளில் மீன் போட்ட அலுமினியச் சருவத்தைத் தலையில் வைத்து ஏறி இறங்குவது இன்றைக்கும் அவள் கால்தான். என் வீட்டுக்கும் அவள் கொண்டுவரும் மீன்தான். நாத்தனார் என்று ஒரு சாளை மீன் கூடுதல் போட்டுவிட்டு, "உள்ளதுக்கெல்லாம் வாயப் பொளப்பா" என்று ஒரு திட்டும் போடுவாள்.

வள்ளத்தில் வருகிற மீனால்தான் அவள் வாழ்க்கை. ஆனால் வள்ளத்தில் அவள் கால் வைத்ததில்லை. எங்கள் கரையில் பெண்கள் வள்ளத்தில் ஏற மாட்டார்கள். யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. பெண் ஏறிய வள்ளத்துக்கு மீன்பாடு இருக்காது, வலையில் ஒன்றும் விழாது, கடலுக்குப் பிடிக்காது என்று ஒரு நம்பிக்கை. விரித்துப் போட்ட வலையைத் தாண்டக் கூடாது, மணலில் கிடக்கும் துடுப்பைத் தாண்டக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். சின்ன வயதில், கரையில் ஏற்றிப் போட்டிருந்த வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து காலாட்டியதற்கு அப்பா என்னை அடித்தது இப்போதும் நினைவிருக்கிறது. அதே விளிம்பில் அண்ணனும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அடி இல்லை.

நம்பிக்கையைப் பழிக்க எனக்கு நாக்கு வராது. கடலுக்குப் போனவன் திரும்பி வருவான் என்பதற்கு வேறு எந்த உறுதியும் இல்லாத வீடுகளில் மனிதர்கள் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள். ஆனாலும் எனக்குக் கோபம் வரும். இரண்டும் உண்டு எனக்கு.

அந்த வருஷம் ஈஸ்டர் கழிந்துதான் அண்ணன் மகன் சொந்தமாக எஞ்சின் வள்ளம் இறக்கியிருந்தான். சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். ஆண்கள் எல்லோரும் வள்ளத்தைச் சுற்றி நிற்க, பெற்ற தாய் பத்தடி தள்ளி மணலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு மீன்பாடு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கூடப் போகிற பங்குக்காரர்கள் முகம் சுளிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆகாத வள்ளம் என்று பேர் வந்துவிட்டால் பங்குக்காரர்கள் வேறு வள்ளத்துக்குப் போய்விடுவார்கள், பையன் தனியாகக் கடலில் என்ன செய்வான்? அந்தப் பயத்தை மைனி மலைக்கும் கூடவே கொண்டுவந்திருந்தாள். ஞாயிறு கழிந்து கடலுக்குப் போக வேண்டும் என்று மகன் டூருக்கு வரவில்லை.

போய்ச் சேர்ந்த அன்றைக்குச் சமையலில் ஒரு கூத்து. ஊரிலிருந்து கொண்டுபோன தேங்காயெண்ணெய் குளிரில் வெள்ளையாக உறைந்துவிட்டது. பாட்டிலைக் கவிழ்த்தார்கள், தட்டினார்கள், குச்சி விட்டுக் குத்தினார்கள், ஒரு சொட்டு இறங்கவில்லை. மைனி பாட்டிலை வாங்கித் தன் சால்வைக்குள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தாள். ஜெபமாலை முடிந்தபோது எண்ணெயும் உருகியிருந்தது. அன்றைக்குத் தேங்காய் போட்ட துவரன் நன்றாகவே இருந்தது, பக்தி கொஞ்சம் கூடுதல்.

மறுநாள் காலை அங்கேயே ஒரு கோயிலில் பூசை கண்டுவிட்டு எல்லோரும் ஏரிக்குப் போனோம். சீசன் கூட்டம். ஏரியைச் சுற்றுகிற ரோட்டில் வாடகை சைக்கிள்களும் குதிரைகளும் சுட்ட சோளத்தின் புகையுமாக இருந்தது. ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தன. குதிரையில் ஏறுகிறாயா என்று அண்ணனைக் கேட்டோம். "அது என்னவிட மெலிஞ்சு போய் நிக்குது, பாவம்" என்றான். இலையோடு கட்டுக் கட்டாகக் கேரட் விற்ற பெண்ணிடம் மைனி கேட்ட விலைக்கே வாங்கினாள். நான் குறைத்துக் கேட்கப் போனபோது கையைப் பிடித்து இழுத்தாள். "தலையில சுமந்து விக்கியவகிட்ட நான் விலை பேசமாட்டேன் கேட்டியா" என்றாள். வேறு எல்லோரிடமும் கறாராகப் பேசுகிறவள்தான்.

மேட்டில் நடக்கும்போதுதான் ஒன்று கவனித்தேன். அண்ணன் பத்தடிக்கு ஒரு தடவை நின்றான். மைனி கேரட் கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே ஏறினாள். கடலில் வேலை கைக்கும் தோளுக்கும்தான். கால் வேலை முழுக்க அவளுடையதாக இருந்திருக்கிறது.

ஏரிக்கரையில் நின்று அண்ணன் தண்ணீரை மேலும் கீழும் பார்த்தான். மாப்பிள்ளை பார்க்க வந்தவன் மாதிரி ஒரு பார்வை. "அலையும் இல்ல, வாடையும் இல்ல. உப்பில்லாத தண்ணியாக்கும், ஆளத் தூக்காது. விழுந்தா நேரே அடிக்குத்தான்" என்று தீர்ப்புச் சொன்னான். டூர் பொறுப்பு எங்கள் உபதேசியாருக்கு. பூசைக்கும் ஜெபத்துக்கும் சாமியாருக்குத் துணை நிற்கிற அதே உபதேசியார்தான். அவர் அதற்குள் எல்லோருக்கும் பெடல் போட் டிக்கெட் எடுத்துவிட்டார். இரண்டிரண்டு பேர் உட்கார்ந்து சைக்கிள் மாதிரி மிதிக்கிற போட்.

அங்கேதான் வழக்கு தொடங்கியது. வீட்டில் வள்ளம் இல்லாத பெண்களுக்கு ஒரு கவலையும் இல்லை, ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே ஏறினார்கள். மைனி மட்டும் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, மிதிக்கியது எல்லாம் சைக்கிளாக்கும். வள்ளம் இல்ல, வாங்க" என்று ஒரு சின்னப் பெண் கூப்பிட்டாள்.

"தண்ணியில மிதக்கியது எல்லாம் வள்ளமாக்கும் மக்கா. நீ போ" என்றாள் மைனி.

உபதேசியாரை நடுவராக்கினார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சபையில் இதற்கு விலக்கு ஒன்றும் கிடையாது, தாராளமாக ஏறலாம் என்றார்.

"சபைக்குத் தெரியும். கடலுக்குத் தெரியுமா?" என்றாள் மைனி.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கடல் எங்கே கிடக்கிறது, இந்த மலை எங்கே கிடக்கிறது, இங்கே நீ கால் வைத்தால் அங்கே அதற்கு யார் போய்ச் சொல்லப் போகிறார்கள் என்று கத்தினேன். சுற்றிலும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மைனிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

"ஒனக்கென்ன, ஒன் மாப்பிள ரோட்டில ஓட்டியாரு. எனக்கு மவன் தண்ணியில கெடக்கான். நாளைக்கு வலையில ஒண்ணும் விழல்லேண்ணா ஆராக்கும் பதில் செல்லியது? ஆச இல்லேண்ணா நெனச்சா? ஆச உண்டு. ஆச இருக்கட்டும், இருந்துட்டுப் போவட்டும்."

அண்ணன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றான். ஏறு என்றும் சொல்லவில்லை, ஏறாதே என்றும் சொல்லவில்லை. மிதவைச் சட்டையை மட்டும், "இத நான் கடலில கூட போட்டதில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே மாட்டினான்.

அண்ணனும் உபதேசியாரும் ஒரு ஜோடி. ஏறி உட்கார்ந்ததும் உபதேசியாருக்கு முழங்கால் மடங்கவில்லை. வலிக்கிறது என்று எழுந்து, போட்டில் ஏறுகிற மேடைக்கே திரும்பக் குதித்துவிட்டார். அவர் குதித்த வேகத்தில் போட் மேடையை விட்டு விலகிப் போய்விட்டது. அண்ணன் ஒரு பக்கமாகத் தனியே உட்கார்ந்திருக்க, போட் அந்தப் பக்கமே சரிந்தது. அவன் மிதித்தான், போட் வட்டம் சுற்றியது. திருப்புகிற கைப்பிடியைப் பிடித்தான். அங்கேதான் நாற்பது வருஷப் பழக்கம் காலை வாரிவிட்டது. எங்கள் எஞ்சின் வள்ளங்களில் பின்னால் இருக்கும் கைப்பிடியை இடது பக்கம் தள்ளினால்தான் வள்ளம் வலது பக்கம் திரும்பும். இந்த போட்டில் எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கமே போகும். அண்ணன் மேடையை விட்டு விலக நினைத்துத் திருப்பத் திருப்ப, போட் மேடையிலேயே வந்து இடித்தது. ஒன்று, இரண்டு, மூன்றாவது இடியில் பக்கத்துப் போட்டில் இருந்த புதுமணத் தம்பதிகள் அலறினார்கள்.

"சார், படகு ஓட்டிப் பழக்கம் இல்லைன்னா மெதுவா மிதிங்க சார்" என்று மேடையிலிருந்த பணியாள் சொன்னார்.

எங்கள் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. தண்ணீரில் இருக்கும்போது அண்ணன் முகம் அப்படிச் சிறுத்து நான் பார்த்ததே இல்லை. அவன் யாரையும் பார்க்கவில்லை. கம்பிவேலிப் பக்கம் திரும்பி, "எடியே" என்று கூப்பிட்டான்.

மைனி கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"எடியே, இங்க வந்து இரி. ஒரு பக்கம் பாரம் இல்லாம இது நிக்காது."

"நான் எப்படி வாறது?"

"நாந்தானே விளிக்கியேன். வா."

மைனி செருப்பைக் கழற்றி என் கையில் தந்தாள். கேரட் கட்டையும் தந்தாள். பணியாள் மிதவைச் சட்டையைப் புடவைக்கு மேல் கட்டிவிட்டார். மேடையின் ஓரத்தில் வந்து நின்றவள் குனிந்து, போட்டின் விளிம்பைத் தொட்டு நெற்றியில் வைத்தாள். ஏரித் தண்ணீரை விரல் நுனியில் எடுத்துச் சிலுவை போட்டாள். எங்கள் ஆண்கள் காலையில் கடலுக்கு இறங்கும்போது செய்வது அது. தூர நின்றே பார்த்துப் பழகியதை ஒன்று விடாமல் செய்துவிட்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். எனக்கு அந்த நிமிஷத்தில் அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை.

போட் நிமிர்ந்தது. மைனி மிதிக்கத் தொடங்கினாள். ரப்பர் மேடுகளை ஏறி இறங்கிய கால்கள். கொஞ்ச நேரத்தில் அண்ணன் மிதிப்பதை நிறுத்திவிட்டான் என்பது கரையிலிருந்தே தெரிந்தது. கைப்பிடியும் அவள் கைக்குப் போய்விட்டது. எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பினாள், போட் சொன்ன பேச்சைக் கேட்டது. மரங்களின் நிழல் விழுந்த பக்கமாகத் திரும்பி, மற்ற போட்களைத் தாண்டி, எங்கள் கண்ணுக்கு இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள் மட்டும் தெரிகிற தூரத்துக்குப் போய்விட்டார்கள். நேரம் முடிந்து பணியாள் விசில் ஊதினார். ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார். மைனி திரும்பவில்லை.

இறங்கி வந்து சுட்ட சோளத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள். நடு ஏரியில் அவள் திரும்பிக் கரையைப் பார்த்திருக்கிறாள். நாங்கள் வரிசையாக நின்று கையாட்டியது அங்கிருந்து எறும்பு அளவுக்குத்தான் தெரிந்ததாம்.

"இத்தன காலம் நான் கரையில நின்னு அவர நோக்கியிருக்கேன். அங்கேருந்து பாத்தா நான் எப்படித் தெரிவேன்னு நெனச்சதே இல்ல. அதாக்கும் கேட்டேன், கடலுக்குப் போவும்போ என்ன இப்படித்தான் காணுவியளாண்ணு."

"அண்ணன் என்ன சொன்னான்?"

"நாங்க கரையப் பாக்க மாட்டோம். பாத்தா பின்ன போவ முடியாதுண்ணு சொன்னாரு." மைனி சோளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத அவரு இதுவரைக்கும் எனக்கிட்ட செல்லினதே இல்ல பாத்துக்க."

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் சோளம் ஆறுவதற்குள் போய்விட்டது. முதலில் கூப்பிட்ட அந்தச் சின்னப் பெண், மைனி போட்டில் ஏறியதை வீடியோ எடுத்து அன்பியத்து வாட்ஸப் குரூப்பில் போட்டிருந்தாள். பாட்டெல்லாம் சேர்த்திருந்தாள், நல்ல எண்ணத்தில்தான். ஊரில் இருந்தவர்கள் அதற்குள் கைதட்டல் படங்களாக அனுப்பித் தள்ளியிருந்தார்கள். மகன் பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. அவன் ஒன்றும் அனுப்பவில்லை.

"மக்கா, அத அழிச்சிரு" என்று மைனி கெஞ்சினாள். அந்தப் பெண் பயந்துபோய் அழித்தாள். அழித்து என்ன, ஊர் பார்த்தாகிவிட்டது. திரும்பி வருகிற வழி முழுக்க மைனி ஜெபமாலையை விடவில்லை. மலை இறங்கும்போது அண்ணனுக்கு மறுபடியும் குமட்டியது. அப்போதும் எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொடுத்தாள், ஆனால் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை வந்து சேர்ந்தோம். அன்று நான் அண்ணன் வீட்டிலேயே தங்கினேன், மைனியைத் தனியே விட மனம் வரவில்லை. மறுநாள் காலையில் அவளோடு கடற்கரைக்குப் போனேன். வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரை ஏறின. மகனுடைய வள்ளம் கடைசியில்தான் வந்தது. வலையில் கொஞ்சம் சாளை, பங்கு வைத்தால் ஒரு வீட்டுக் குழம்புக்குக் காணாது. பக்கத்து வள்ளங்களிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் வீட்டுப் பெண்கள் யாரும் வீடியோவில் இல்லையே.

பங்குக்காரர்களில் வயதில் மூத்தவர் வலையை மணலில் போட்டார். நிமிராமலே, "கொடைக்கானலு ஏரியில நல்ல மீன்பாடு உண்டு, இல்லியா மைனி?" என்றார்.

மீனை அள்ளப் போன மைனியின் கை சருவத்தின் விளிம்பிலேயே நின்றுவிட்டது. அவள் மகனைப் பார்த்தாள். அவன் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

வள்ளத்தை மணலில் ஏற்றக் கைகொடுத்து நின்ற அண்ணன் மறுபக்கத்திலிருந்து சுற்றி வந்தான். "அவ ஏறினது உள்ளதாக்கும். நாந்தான் விளிச்சு ஏத்தினேன்" என்றான். "நான் ஏத்தலேண்ணா அவ இப்பவும் அங்க கரையிலதான் நின்னிருப்பா. வலையில ஒண்ணும் விழல்லேண்ணா அவளப் பாக்காத. என்னப் பாத்து ஏசு."

"சும்மா ஒரு தமாசுக்குச் செல்லினதாக்கும் அண்ணே" என்றார் மூத்தவர்.

"தமாசும் எனக்கிட்ட செல்லு."

மகன் கயிற்றைக் கீழே வைத்தான்.

"அப்பா, அம்மைக்குப் பயமா இருந்துச்சா?"

"பயமா?" என்றான் அண்ணன், கரையில் எல்லோருக்கும் கேட்கிற சத்தத்தில். "பயம் எனக்காக்கும். ஓட்டினது அவளாக்கும்."

மைனி இருந்த சாளையைச் சருவத்தில் வாரிப் போட்டாள், சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துச் சருவத்தை ஏற்றினாள், ஆட்டோ போய்விடும் என்று என்னிடம் சொல்லிவிட்டு, முகத்தை யாருக்கும் காட்டாமல் வேகமாக நடந்தாள்.